ஒற்றைக் காதும் மோனோ ரெக்கார்டும்

1

நான் மலேசியாவில் வந்து இறங்கிய நாள்தான் எங்கள் வீட்டில் பெரிய நாள். கல்யாண நாள்கூட அதற்கு அப்புறம்தான். கல்யாணத்தைப் பாளையங்கோட்டையில் என் வீட்டார் நடத்தினார்கள். விமான நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போனதுதான் தான் தனியாகச் செய்த காரியம் என்று என் கணவர் இன்றைக்கும் பெருமையடிப்பார். ஆகவே அந்த நாளன்று காலையில் செகிஞ்சான் மீன் துறைக்குப் போய் இறால் வாங்கி வருவார். சாயங்காலம் நான் சேமியாப் பாயசம் வைப்பேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு ரெக்கார்டு போடுவார். அவ்வளவுதான் எங்கள் விழா.

இந்த வருடமும் இறால் வந்தது, பாயசமும் கொதித்தது. ரெக்கார்டைத் துடைத்துத் தட்டில் வைத்தவர், ஊசியை இறக்காமல் சன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அமலா, இங்க வா. கேட்டியா?"

"என்னத்த?"

"குருவி சத்தம் நின்னுருச்சி லா! நானும் கொஞ்ச நாளா பாக்கறேன், ஒன்னுமே இல்ல. மஜ்லிஸ்காரன் கடைசியில வேலைய செஞ்சிட்டான்!"

குருவி விஷயத்தை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கோல சிலாங்கூரில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு கடை வரிசை. அதில் ஒரு கடையின் மேல்மாடி முழுவதையும் சிமெண்டால் அடைத்துச் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும் விட்டிருக்கிறார்கள். அங்கே ஆள் குடியில்லை, குருவிதான் குடி. எச்சிலால் கூடு கட்டுகிற ஒரு சாதிக் குருவி. அந்தக் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிப்பார்கள், நல்ல விலை. குருவிகளை வரவழைப்பதற்காகக் கூரையில் ஒலிபெருக்கி வைத்து, பதிவு செய்த குருவிச் சத்தத்தை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். கீச் கீச் கீச் என்று பல்லைக் கூச வைக்கும் சத்தம். உள்ளே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பறவைகள் வந்து ஏமாறும்.

என் கணவர் இதை எதிர்த்து, மஜ்லிஸ் என்று இங்கே சொல்கிற நகராண்மைக் கழகத்துக்கு வருடக்கணக்கில் எழுதி வருகிறார். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வரும். மறுபடி எழுதுவார். மறுபடியும் கவனத்தில் கொள்வார்கள். கடை முதலாளியான தவுக்கேயும் இவரும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட சத்தம் நின்றுவிட்டது என்று மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறார். நான் கரண்டியோடு அடுக்களை வாசலில் நிற்கிறேன். கீச் கீச் கீச். எங்கள் கூரைக்கு நேர் மேலே, எப்போதும் போல, கொஞ்சமும் குறையாமல்.

"ஆமாங்க, நின்னுடுச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்காதீர்கள். அவர் சிரித்து நாளாகியிருந்தது. வாய் முந்திக்கொண்டது.

2

அவர் பெயர் அல்போன்ஸ். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவராக இருந்தவரின் மகன். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை. லோரிகள் நிறுத்துகிற பெரிய மைதானம் ஒன்று இருக்கிறது.

கடைசி வெள்ளைக்கார மேனேஜர் தோட்டத்தைவிட்டுப் போனபோது துரைமார் கிளப்பில் இருந்த சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்களாம். ஒருவர் நாற்காலி, ஒருவர் திரைச்சீலை. என் மாமனார் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார். நல்ல தேக்கு, கோழிக்கூடு அடிக்கலாம் என்று எண்ணம். திறந்து பார்த்தால் உள்ளே ரெக்கார்டுகள். கோழிக்கூடும் அடித்தார், ரெக்கார்டுகளைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. எல்லாம் ஜாஸ். எல்லாம் ஸ்டீரியோ வருவதற்கு முன்பு வாங்கிய மோனோ. கிராணி வீட்டுப் பையனுக்குக் கோயில் பாட்டை விட்டால் கேட்பதற்கு இருந்தது அதுதான். அப்படித்தான் இந்த மனிதருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

வந்த புதிதில் எனக்கு அதைக் கேட்டாலே தலைவலி. டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ, ஆள் உயரத்துக்கு ஒரு பேஸ், பின்னால் டிரம். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு மெட்டைத் தொடங்குவார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்று தன் போக்கில் போய்விடுவார்கள். "ஆளுக்கொரு திக்கா போறாகளே, யாரு போயிக் கூட்டிட்டு வாரது?" என்று கேட்டேன். என் திருநெல்வேலித் தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "வந்துருவாங்க, இரு" என்றார். உண்மைதான், கடைசியில் எல்லோரும் அதே மெட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் திரும்பும் இடத்துக்காக நானும் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

அவருடைய இடது காதைப் புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் தகரம் அடிக்கும் இயந்திரம் தின்றுவிட்டது. ஷிப்டு முழுக்க அந்த இயந்திரத்துக்கு இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற வேலை. காதில் அடைப்பான் போடத்தான் சொல்லியிருந்தார்கள். போட்டால் கூட வேலை செய்கிறவன் கூப்பிடுவது கேட்காது, கை உள்ளே போய்விடும் என்று யாரும் போட மாட்டார்களாம். கை தப்பித்தது.

ஒரு காது போன பிறகு மோனோவின் அருமை இன்னும் கூடிவிட்டது. எங்கள் மகள் ரீத்தா ஒருமுறை விலை உயர்ந்த ஹெட்போன் ஒன்றையும், ஸ்டீரியோவில் வந்த பழைய ஜாஸ் ரெக்கார்டு ஒன்றையும் அனுப்பினாள். அந்தக் காலத்து ஸ்டீரியோவில் சாக்ஸபோனை ஒரு பக்கமும் பியானோவை மறுபக்கமும் பிரித்து வைத்துவிடுவார்களாம். இவர் மாட்டிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "சாக்ஸபோன்காரன் இன்னைக்கி லீவா?" என்றார். அவன் செத்த காதின் பக்கம் நின்று வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மோனோவில் அந்தத் தொல்லை இல்லை. எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். இடது வலது கிடையாது, முன்னும் பின்னும் உண்டு. டிரம்பெட்காரன் மூக்குக்கு நேரே நிற்பான், பியானோ அவன் தோளுக்குப் பின்னால், டிரம் சுவர் ஓரத்தில். சத்தம் கெட்டியாக, நெஞ்சில் வந்து உட்கார்கிற மாதிரி இருக்கும். ஒற்றைக் காது உள்ளவனுக்கும் இரண்டு காது உள்ளவளுக்கும் அது ஒன்றேதான். நானும் அவரும் வித்தியாசமில்லாமல் ஒன்றைக் கேட்டோம் என்றால் அந்த ரெக்கார்டுகளைத்தான்.

3

அந்த ரெக்கார்டுகளில் நீல அட்டை போட்டது ஒன்று உண்டு. எங்கள் விழா நாளில் போடுவது அதைத்தான். அதன் இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் டிரம்பெட் நின்று, பியானோ நின்று, பேஸ் மட்டும் தனியாக நடக்கும். ஆளில்லாத தெருவில் ஒருவன் நடக்கிற மாதிரி. அந்த இடத்தில் ஒரு கீறல்.

ரீத்தா நடை பழகிய காலம். நான் துணி காயப் போட வெளியே போயிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டின் ஊசியை அவள் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். அவர் வந்து பார்த்தார். நான் நடுங்கிப்போனேன். தன் பொருளில் தூசி விழுந்தாலே குதிக்கிற மனிதர். ரெக்கார்டை முதலிலிருந்து போட்டு, அந்த இடம் வரும்வரை உட்கார்ந்திருந்தார். டக். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி டக். மறுபடி டக். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கொஞ்ச நேரம் தட்டிவிட்டு ஓய்ந்தது. அவர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ரீத்தா வந்துட்டா!" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அந்த இடம் வந்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும், "ரீத்தா வந்துட்டா" என்பார். சின்ன வயதில் அவள் எங்கே இருந்தாலும் ஓடி வந்து நிற்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் "போங்க பா, போரிங்" என்றாள். பிறகு கோலாலம்பூரில் படிக்கப் போனாள், பிறகு மெல்பர்ன், அங்கேயே வேலை. கூட ஒரு பையன் இருக்கிறான். பெயர் இன்னும் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. வீடியோவில் பேசும்போது பின்னால் ஒரு முழங்கை மட்டும் தெரியும்.

பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் ஓர் ஊரை விட்டு வந்தவள்தானே. போனமுறை பாளையங்கோட்டைக்குப் போனபோது ஆட்டோக்காரத் தம்பியிடம், "அந்த லோரிக்குப் பின்னால நிப்பாட்டுங்க லா" என்றேன். அவன் திரும்பிப் பார்த்து, "அக்கா எந்த நாடு?" என்று கேட்டான். என் அண்ணன் தன் வீட்டு வாசலில் நின்று, "ஏட்டி, உன் பேச்சு வேற யாரு பேச்சு மாதியோ இருக்கு" என்றான். அம்மா சாகக் கிடந்தபோது விசா தாளோடு நான் இங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அதையெல்லாம் யோசித்தால் ரீத்தாவிடம் கோபப்பட வாய் வராது. ஆனாலும் கோபம் வருகிறதே, என்ன செய்ய?

4

அப்பாவின் பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று ரீத்தா கேட்டாள். "ஹெட்போன் வேணாம் தாயி. மோனோ ஊசி ஒன்னு வாங்கி அனுப்பு" என்றார் இவர்.

ரெக்கார்டின் பள்ளத்தில் ஓடுகிற ஊசியில்கூட மோனோ, ஸ்டீரியோ என்று உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. இரவு பகலாக விளக்கினார். மோனோ ரெக்கார்டில் பாட்டு முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டில்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி பக்கவாட்டிலும் ஆடும், மேலும் கீழும் ஆடும். மேலும் கீழும் ஆடுவதில் மோனோ ரெக்கார்டுக்குப் பாட்டே கிடையாது, தூசியும் சொரசொரப்பும்தான். மோனோ ஊசி அந்த ஆட்டத்தைக் கண்டுகொள்ளாது. ஆகவே இரைச்சல் குறைந்து பாட்டு மட்டும் வரும். இதுதான் சங்கதி.

பார்சல் வந்தது. ஊசியைப் பொருத்த ஒரு நாள் பூராவும் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நீல அட்டையை எடுத்தார்.

நான் பொய் சொல்லக் கூடாது. சத்தம் உண்மையிலேயே மாறித்தான் இருந்தது. எண்ணெய் காய்கிற மாதிரி பின்னால் பொரிந்துகொண்டே இருந்தது பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. டிரம்பெட் ஓர் அடி முன்னால் வந்து நின்றது. பேஸ்காரன் கம்பியை விடும்போது அவன் விரல் உரசுவதுகூடக் கேட்டது. இத்தனை வருடம் கழித்து எனக்கே மெய் சிலிர்த்தது.

பிறகு அந்த இடம் வந்தது. பேஸ் மட்டும் நடக்கிற இடம். டக். கொஞ்சம் சன்னமாகியிருந்ததே தவிர அப்படியேதான் இருந்தது. ஆழமான கீறல், எந்த ஊசி என்ன செய்யும்? டக். டக். அவர் எப்போது சொல்வார் என்று முகத்தைப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கிக்கொண்டு, கண்கள் விரிய உட்கார்ந்திருந்தார். டிரம்பெட் திரும்பி வந்ததும் துள்ளி எழுந்தார்.

"போயிருச்சி லா! அமலா, கீறல் போயிருச்சி! ஒரு பொட்டுச் சத்தம் இல்ல! நான் சொன்னேன்ல மோனோ ஊசின்னு!"

அப்போதே மெல்பர்னுக்குப் போன் போட்டார். "ரீத்தா, நீ போட்ட கீறல நீ அனுப்பின ஊசியே அழிச்சிருச்சி தெரியுமா!" என்று கத்தினார்.

"ரியலி பா? நைஸ்! ஹாப்பியா?" என்றாள் அவள். போனை என்னிடம் நீட்டினார். "அம்மா, அப்பா சௌண்ட்ஸ் சோ ஹாப்பி" என்றாள். நான் "ஆமா, ரொம்ப ஹாப்பி" என்றேன். பின்னால் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. போனிலேயே அவளுக்குக் கேட்டிருக்கும்.

5

என் விசாவைப் புதுப்பிக்கக் கணவர் நேரில் வந்தாக வேண்டும். பிள்ளை பெற்று வளர்த்து, அதைக் கடல் தாண்டி அனுப்பிய பிறகும் நான் இந்த நாட்டில் கணவரின் உறுதிமொழியின் பேரில் வாழ்கிறவள்தான். நிரந்தரக் குடியிருப்புக்குப் போட்ட மனு "பரிசீலனையில்" இருக்கிறது. குருவி மனுவுக்குத் துணையாக.

இந்தமுறை குடிநுழைவு அலுவலக முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரி மரியாதையானவள். தாள்களைப் பார்த்துவிட்டு, இன்னும் அதே வீட்டில்தான் சேர்ந்து இருக்கிறீர்களா என்று இவரைக் கேட்டாள். இவர் சிரித்தார். மறுபடி கேட்டாள். மறுபடியும் சிரித்தார். வலது காதைத் திருப்பினார், அப்போதும் சிரிப்புதான். நான் எனக்குத் தெரிந்த மலாயில் குறுக்கே பதில் சொன்னேன். என் மலாயில் இன்றைக்கும் தாமிரபரணித் தண்ணீர் ஓடும். அவள் என்னைப் பார்க்காமலே, "அம்மா, நான் உங்கள் கணவரைத்தான் கேட்கிறேன்" என்றாள்.

கடைசியில் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "ஆமாம், ஆமாம், சேர்ந்துதான்" என்று சத்தமாகச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

"குறும்பி அடச்சிருக்கு, வேற ஒன்னும் இல்ல" என்றவரை இழுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். பிறகு ஒரு கோடு போட்ட படத்தைக் காட்டினாள். கோடு மேலே தொடங்கி மாடிப்படி மாதிரி கீழே இறங்கியது.

"அங்கிள், ஹை பிட்ச் சவுண்டெல்லாம் இந்தக் காதுலயும் போயிடுச்சு. நரம்பு. மத்ததும் சீக்கிரமே குறைஞ்சிக்கிட்டு வருது." குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பாட்டு?" என்றார் அவர்.

"லோ சவுண்ட் கொஞ்ச நாள் இருக்கும் அங்கிள்."

"அப்புறம்?"

அவள் என்னைப் பார்த்தாள். மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் புரியும் என்றாள். அதற்கு மேல் போனால் ஆபரேஷன் செய்து கருவி வைக்க வரிசையில் பெயர் கொடுக்கலாம், அதிலும் பேச்சுதான், பாட்டு பாட்டாக இருக்காது என்றாள். நல்ல பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, பேச வேண்டியவங்க எல்லாரையும் இப்பவே வந்து பேசச் சொல்லுங்க" என்றாள்.

காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். ஈஜோக் தாண்டியதும், "அந்தப் பொண்ணு மெஷின் சரியில்ல" என்றார். "குறையுது குறையுதுன்னா எப்படி? எனக்கு ரெக்கார்டு முன்னவிட நல்லா கேக்குதே. பொரியற சத்தம்கூட இல்லாம சுத்தமா கேக்குது. கீறலே இல்ல. காது போனவனுக்கு அப்படிக் கேக்குமா?"

நான் சன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். காது போனவனுக்குத்தான் அப்படிக் கேட்கும்.

ஆஸ்பத்திரி மெஷினை ஒரு நாள் மாட்டிக்கொண்டு ரெக்கார்டு போட்டார். டிரம்பெட் மோட்டார்சைக்கிள் ஹார்ன் மாதிரி இருக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டார். நான் பேசுவதற்காக மாட்டிக்கொள்வார். ஜாஸுக்குக் கழற்றிவிடுவார்.

6

ரீத்தாவுக்குத் தனியாகப் போன் செய்து எல்லாம் சொன்னேன். "கிறிஸ்மஸுக்கு வந்துட்டுப் போம்மா. அவருக்கு உன் குரல் கேக்கும்போதே வந்துட்டுப் போ" என்றேன்.

அவள் அழுதாள். உண்மையான அழுகைதான். "அம்மா, லீவ் கேட்டுப் பாக்கறேன். ஐ வில் ட்ரை, ஓகே?" என்றாள்.

இதற்கிடையில் ஒரு சாயங்காலம். நீல அட்டை ஓடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் சத்தத்தை நன்றாகக் கூட்டி வைக்கிறார். அக்கம்பக்கத்துக்கு எங்கள் வீட்டு டிரம்பெட்தான். நான் எதிரே உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பேஸ் தனியாக நடக்கிற இடம் வந்தது. அவர் கண்ணை மூடித்தான் கேட்பார். அன்றைக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து ஊசியைத் தூக்கினார். கொஞ்சம் முன்னால் வைத்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"அது போகல, இல்ல?"

"எது?"

"கீறல். நீ கண்ண சிமிட்டுற. ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா. பதறினாப்ல."

கத்தியை வைத்துவிட்டேன். நான் சிமிட்டுவது எனக்கே தெரியாது.

"குருவியும் நிக்கல" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

"இல்லைங்க."

"அந்தத் தவுக்கேய பாத்து ரெண்டு நாள் முன்ன நான் கும்புட்டேன் லா. அவன் முழிச்சி முழிச்சிப் பாத்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஏன் சொல்லல?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். மெஷின் டப்பாவில் இருந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, நான் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

அதிலிருந்து எங்களுக்குப் புது வழக்கம் ஒன்று வந்துவிட்டது. ரெக்கார்டு ஓடும்போது என்னை எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்வார். பேஸ் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. மற்றதை என் முகத்தில் பார்க்கிறார். டிரம்பெட் வந்தால் நான் புருவத்தைத் தூக்குகிறேனாம். பியானோவுக்கு உதடு லேசாக விரிகிறதாம். டிரம்முக்கு ஒன்றும் இல்லையாம். "டிரம்மையும் கொஞ்சம் கவனி" என்று திட்டு விழுகிறது. வீட்டில் உள்ள ரெக்கார்டு எல்லாவற்றையும் இப்படியே கேட்கிறோம். கடவுள் எனக்குக் கொடுத்தது சாதாரண முகம். இத்தனை பேர் அதில் உட்கார்ந்து வாசிக்க இடம் போதாது.

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக் கையலம்பும்போது ரீத்தாவின் போன். வீடியோ இல்லை, பஸ்ஸில் இருக்கிறாளாம். அவர் ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டே, "நீ பேசு. நான் ஒன்னப் பாத்துக்கறேன்" என்று எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, திஸ் இயர் கான்ட் லா. லீவ் கெடைக்கல. ஆபீஸ்ல ஆளே இல்ல. ஏப்ரல்ல ட்ரை பண்றேன். சாரி மா. அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க, ப்ளீஸ். எனக்கு அவர்கிட்ட கத்திக் கத்திச் சொல்ல முடியல மா. அழுகையா வருது."

டிரம்பெட்டுக்கும் பியானோவுக்கும் முகம் தானாக அசைந்து பழகிவிட்டது. இதற்கு அசையக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிம்மா. சாப்ட்டியா? குளிருக்குப் போத்திக்கோ" என்றேன். உதட்டை விரித்து வைத்துக்கொண்டேன். போனை வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். எழுந்து நீல அட்டை ரெக்கார்டைத் தட்டில் வைத்து, இரண்டாம் பக்கத்தில் ஊசியை இறக்கிவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் முழங்காலில் இடித்தது. பின்னால் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. ஐந்து பேரும் சேர்ந்து மெட்டைத் தொடங்கினார்கள். நான் புருவத்தைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அது விழக் கூடாது என்று ஒருமுறை கண்ணை மூடித் திறந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது.

"ரீத்தா வந்துட்டா!" என்றார்.

டிரம்பெட் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தது. கீறல் வருவதற்கு இன்னும் வெகு நேரம் இருந்தது.

"ஆமாங்க, வந்துட்டா" என்றேன்.